உள்ளங்கையில் ஒரு சொட்டுக் காபி

பாடாலூர் வந்துவிட்டால் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையின் இரு பக்கமும் அந்தப் பலகைகள் கண்ணில் படத் தொடங்கும்: ‘கும்பகோணம் டிகிரி காபி’. கும்பகோணமோ கொள்ளிடத்துக்கும் அப்பால் இருக்கிறது. ஆனாலும் பெரம்பலூர் மாவட்டத்துச் சாலையோரத்தில் பித்தளை டபராவும் டம்ளரும் பளபளக்க, பில்டரிலிருந்து டிகாஷன் இறங்கிக்கொண்டிருக்கிறது. ‘டிகிரி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. தண்ணீர் கலக்காத பாலை லாக்டோமீட்டர் வைத்துப் பார்த்து ‘டிகிரி பால்’ என்றார்கள், அதிலிருந்து வந்தது என்பார் ஒருவர். சிக்கரி என்ற சொல்தான் வாயில் புரண்டு டிகிரி ஆனது என்பார் மற்றொருவர். இருவரும் தங்கள் விளக்கத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

விடியற்காலை நான்கு மணிக்குப் பேருந்து வந்து நிற்கிறது. தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிறவர்களின் வாயிலிருந்து முதலில் வருவது வணக்கமோ விசாரிப்போ கிடையாது, விருப்பம். “ஸ்ட்ராங்கா ஒண்ணு.” “லைட்டா, நல்ல சூடா.” “ஆத்தாம குடுங்கண்ணே.” “எனக்கு வித்தவுட்.” சர்க்கரை இல்லாத காபிக்கு ‘வித்தவுட்’ என்ற பெயர் தமிழ்நாட்டுக் கடைகளில் எப்படியோ நிலைத்துவிட்டது. கடைக்காரர் எதையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. பத்து முகத்துக்குப் பத்து டம்ளர், ஒன்றும் மாறாமல் போய்ச் சேர்கின்றன. யாருக்காவது ஒரு கரண்டி டிகாஷன் குறைந்துவிட்டால் போதும், “என்ன இது, கழனித்தண்ணி மாதிரி?” என்ற குரல் எழும்.

மனிதர்கள் வேறு எத்தனையோ விஷயங்களில் ஊரோடு ஒத்துப்போய்விடுவார்கள். காபியில் மட்டும் ஒவ்வொருவரும் தனி நாடு. ‘என் காபி’ என்று சொல்லும்போது அந்த ‘என்’ மீது விழும் அழுத்தம் சாதாரணமானதல்ல. அந்த அழுத்தம் நியாயமானதுதானா? நாக்கில் படும் அந்தச் சுவை உண்மையிலேயே குடிப்பவருக்கு உரியதா, அல்லது யாரோ கொடுத்துப் பழக்கியதா? கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்தக் கேள்வியைத் தத்துவவாதிகள் விடவில்லை. மதங்களும் தங்கள் வழியில் விடவில்லை.

தமிழகத்தில் காபி பழைமையானதன்று. ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய புகழ்பெற்ற ஆய்வு நூலின் தலைப்பே ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்பதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காபி நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தபோது அது வரவேற்கப்பட்ட அளவுக்குத் தூற்றவும் பட்டது. காலையில் பழைய சோற்றின் நீராகாரத்தைக் குடித்து வலுவாக இருந்த உடம்பு இந்தக் கறுப்புத் தண்ணீரால் கெட்டுப்போகிறது என்பது அந்நாளைய பெரிய குறை. இன்று எந்தக் காபியைப் ‘பாரம்பரியம்’ என்று பித்தளை டம்ளரில் ஊற்றித் தருகிறார்களோ, அதே காபி மூன்று நான்கு தலைமுறைகளுக்கு முன்பு பாரம்பரியத்தைக் கெடுக்க வந்த பொருளாகப் பார்க்கப்பட்டது.

பெரம்பலூருக்குப் பக்கத்து மாவட்டமான அரியலூருக்கு விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் ரயில் பாதை உண்டு. பெரம்பலூர் நகருக்கு ரயிலே கிடையாது. அரியலூரில் ரயிலடியும் பெரம்பலூரில் சாலையும்தான் வெளியூர் ருசிகள் வந்திறங்கும் வாசல்கள். இரண்டு மாவட்டங்களிலும் கடைகளுக்கு ‘டீக்கடை’ என்றுதான் பெயர். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுநரும், பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் வயலில் இறங்குகிறவர்களும் பெரும்பாலும் கேட்பது டீ. அதே கடையில் காபிக்கு விலை கூட. அதனால் ‘எனக்கு டீதான் பிடிக்கும்’ என்று ஒருவர் சொல்லும்போது அதில் எவ்வளவு நாக்கு, எவ்வளவு சட்டைப்பை என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். கிராமத்து வீடுகளில் பால் இல்லாத வேளையில் வெல்லம் தட்டிப்போட்ட வரக்காப்பியைக் குடித்து வளர்ந்த ஒருவருக்கு, பின்னாளில் பசும்பால் தாராளமாகக் கிடைத்தாலும் வரக்காப்பி மீதுதான் மனம் போகிறது. வேறு வழியின்றிக் குடித்தது, விரும்பிக் குடிப்பதாக எந்த நாளில் மாறியது? அவருக்கே தெரியாது.

அமெரிக்கத் தத்துவவாதி டேனியல் டென்னெட் 1988-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்த முடிச்சைக் காபியை வைத்தே போட்டார். ஒரு காபி நிறுவனத்தில் சுவை பார்க்கும் வேலையில் சேஸ், சான்பார்ன் என்று இரண்டு பேர் இருப்பதாக அவர் கற்பனை செய்தார். நிறுவனத்துக் காபியின் சுவை ஆண்டுதோறும் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே அவர்கள் வேலை. ஆறு ஆண்டுகள் கழித்து இருவருக்கும் அந்தக் காபி பிடிக்காமல் போகிறது. சேஸ் சொல்கிறார்: காபி அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் என் நாக்கில் படுகிறது, ஆனால் அந்தச் சுவையை இப்போது நான் ரசிப்பதில்லை. சான்பார்ன் சொல்கிறார்: என் ரசனை மாறவில்லை, அந்தப் பழைய சுவை கிடைத்தால் இன்றும் கொண்டாடுவேன், ஆனால் என் நாக்கில் ஏதோ மாறிவிட்டதால் அந்தச் சுவை எனக்கு இப்போது வருவதில்லை.

இருவரில் யார் சொல்வது சரி என்று அவர்களாலேயே உறுதிசெய்ய முடியுமா என்பது டென்னெட்டின் கேள்வி. ஆறு ஆண்டுக்கு முந்திய சுவையை எடுத்து வைத்து இன்றைய சுவையோடு ஒப்பிட வழியில்லை. ஞாபகம்தான் சாட்சி, அந்த ஞாபகமும் மாறியிருக்கலாம். தனக்கு மட்டுமே தெரிந்த, தான் மட்டுமே தவறின்றி அறியக்கூடிய ‘உள்ளே இருக்கும் சுவை’ என்று ஒன்று உண்டு என்ற நம்பிக்கையே ஆட்டம் காண்கிறது என்றார் அவர். இதை ஏட்டு வாதம் என்று தள்ளிவிட முடியாது. சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்ன நாளில் கண்ணீர் விடாத குறையாக வித்தவுட்டுக்கு மாறியவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. ஓராண்டு கழித்து ஏதோ விசேஷ வீட்டில் தவறிப்போய்ச் சர்க்கரை போட்ட காபியை வாயில் வைத்ததும், “ஐயோ, பாயசம் மாதிரி இருக்கே” என்று கீழே வைத்துவிடுகிறார்கள். முப்பது ஆண்டு அவர்கள் விரும்பிக் குடித்தது அதே பாயசத்தைத்தான்.

இந்தியத் தத்துவ மரபில் இதற்கு மிகத் தெளிவான ஒரு பதில் உண்டு. வைசேஷிகர்களின் கணக்கில் சுவை என்பது பொருளின் குணம். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, துவர்ப்பு, கைப்பு என்ற ஆறும் மண்ணிலும், அவற்றில் இனிப்பு மட்டும் நீரிலும் தங்கியிருப்பவை, அவற்றை அறியும் புலன் நாக்கு. இன்பமோ ஆன்மாவின் குணம். பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்கசங்கிரகத்தைத் தொடக்கப் பாடமாகப் படிக்கும் மாணவர்கூட இந்தப் பிரிவினையைக் கற்றுவிடுகிறார். கசப்பு டம்ளரில் இருக்கிறது, மகிழ்ச்சி குடிப்பவரிடம் இருக்கிறது. அதன்படி பார்த்தால் சேஸ் சொல்வதே சரி: காபி மாறவில்லை, ஆள்தான் மாறினார்.

ஆனால் ஆள் ஏன் மாறுகிறார்? இந்தக் கேள்விக்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அரியலூரில் ரயிலேறி விழுப்புரம் பக்கம் போனால், வெள்ளாற்றுக்கு அக்கரையில் பெண்ணாடம் வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதம் செய்த மெய்கண்டார் பிறந்த ஊர் அது. பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட அந்தச் சிறிய நூலின் மேல்தான் தமிழ்ச் சைவ சித்தாந்தம் முழுவதும் எழுந்து நிற்கிறது. அந்தச் சித்தாந்தம் ஆன்மாவைப் பற்றிச் சொல்லும் மிக ஆழமான செய்தி, அது சார்ந்ததன் வண்ணமாகும் என்பது. பளிங்குக்குத் தனி நிறம் இல்லை. சிவப்புப் பூவை அருகில் வைத்தால் சிவப்பாகிறது, நீலத்தை வைத்தால் நீலமாகிறது. உயிரும் எதைச் சார்ந்து நிற்கிறதோ அதன் நிறத்தை ஏற்று, பிறகு அந்த நிறமே தான் என்று எண்ணிக்கொள்கிறது.

காபி விருப்பத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான சிந்தனை உலகத் தத்துவத்தில் வேறு இருக்கிறதா என்பது சந்தேகமே. அம்மா ஆற்றிக் கொடுத்த சூட்டில்தான் பிள்ளைக்குக் காபி ‘சரியாக’ இருக்கிறது. கல்லூரி விடுதியில் நான்கு ஆண்டு புரூ காபி குடித்தவருக்குப் பில்டர் காபி கனமாகத் தெரிகிறது. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண், முதல் ஆறு மாதம் புகுந்த வீட்டுச் சிக்கரி வாசனையைச் சகித்துக்கொள்கிறாள். பத்தாண்டு கழித்துப் பிறந்த வீட்டுக்கு வந்து, “இங்க காபி ஏன் இவ்வளவு சப்புன்னு இருக்கு?” என்று கேட்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. பளிங்கின் அருகில் இருந்த பூ மாறிவிட்டது. சிக்கரி கலந்த காபித்தூளில் காபி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்று உணவுச் சட்டம் சொல்கிறது. அதாவது, ஏறத்தாழப் பாதி வேறொரு செடியின் வறுத்த வேராக இருந்தாலும் அது காபிக் கலவைதான். குஜராத்தில் விளையும் அந்த வேரின் வாசனையைத்தான் லட்சக்கணக்கான தமிழர்கள் ‘அசல் காபி மணம்’ என்று நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். அதைத் தவறென்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர்கள் சார்ந்தது அதை.

உடம்புக்கும் இதில் பங்கு உண்டு. 2018-இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, பிரிட்டனில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவலை வைத்து ஒரு வியப்பான முடிவைச் சொன்னது. காஃபீனின் கசப்பைக் கூர்மையாக உணரும் மரபுக்கூறு உள்ளவர்கள் காபியை விலக்கவில்லை, கூடுதலாகவே குடிக்கிறார்கள். கசப்பை உணர்ந்து, அதோடு வரும் விழிப்பையும் உணர்ந்து, இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது மூளை என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பிறப்போடு வந்தது ஒரு பங்கு, பழகிச் சேர்ந்தது ஒரு பங்கு. சித்தாந்தி இதைக் கேட்டால் பெரிதாக வியக்கமாட்டார். உடல், கருவிகள், உலகம், நுகர்ச்சி என்ற நான்கும், தனு கரண புவன போகம் என்று அவர்கள் சொல்வது, உயிர் பக்குவப்படுவதற்காகக் கொடுக்கப்பட்டவை என்பது அவருடைய கொள்கை. நுகர்ச்சி என்பது அந்தப் பட்டியலில் பாவமாக எழுதப்படவில்லை. உயிருக்குக் கிடைத்த கருவியாகவே இருக்கிறது.

மதங்களில் எல்லோரும் இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை.

காபியின் முதல் பெரிய வழக்கு 1511-இல் மக்காவில் நடந்தது. ஏமன் நாட்டு சூஃபிகள் இரவுத் தியானத்தில் கண் அயராமல் இருக்கக் காபியைப் பயன்படுத்தினார்கள். அது மெல்ல மெல்ல அரபு நகரங்களுக்குப் பரவியது. மக்காவில் மம்லூக் ஆட்சியின் அதிகாரியாக இருந்த கைர் பேக், மார்க்க அறிஞர்களைக் கூட்டி, இது போதைப் பொருளா, இதைக் குடிப்பது விலக்கப்பட்டதா என்று விவாதிக்க வைத்துத் தடை போட்டார். கெய்ரோவிலிருந்து வந்த ஆணை அந்தத் தடையைத் தளர்த்தியது. கூட்டம் கூடிக் கும்மாளம் போடுவதைத் தடுக்கலாம், பானத்தையே விலக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். அந்த வாதத்தில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. எதிர்த்தவர்களில் சிலருக்குக் காபியைவிட அதைக் குடிக்கும் விதமே உறுத்தலாக இருந்தது. ஒரே கிண்ணத்தை வட்டமாக உட்கார்ந்து கைக்குக் கை மாற்றிக் குடித்தால் அது மது குடிக்கும் சபையைப் போல இருக்கிறது என்றார்கள்.

அந்த வட்டத்தில் இருந்தவர்களுக்கு அதுவே வழிபாடு. கெய்ரோவின் அல் அஸ்ஹர் பள்ளிவாசலில், ஏமன் நாட்டவர் தங்கும் பகுதியில், திங்களுக்கும் வெள்ளிக்கும் முந்திய இரவுகளில் சூஃபிகள் கூடினார்கள். செம்மண் பாண்டத்தில் இருந்த காபியை அவர்களுடைய தலைவர் சிறு அகப்பையால் மொண்டு ஒவ்வொருவருக்கும் கொடுக்க, இறைவன் பெயரைச் சொல்லியபடி வாங்கிக் குடித்தார்கள் என்று பதினாறாம் நூற்றாண்டில் அல் ஜஸீரி எழுதிய காபி நூல் பதிவுசெய்திருக்கிறது. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் நடை திறப்பதும் திங்களும் வெள்ளியும்தான். அந்த நாள்களில் விரதம் இருந்து வருகிற பெண்களிடம், “காபி குடிக்கலாமா?” என்று கேட்டால் பதில் வீட்டுக்கு வீடு மாறும். பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் வருகிறவர்கள் உண்டு. காபி ஆகாரத்தில் சேராது, குடித்துவிட்டுத்தான் குளித்தோம் என்பவர்களும் உண்டு. இரண்டு பேரும் அதே வரிசையில் நின்று அதே அம்மனைத்தான் பார்க்கிறார்கள்.

அதே மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்கள் நிறைய இருக்கும் ஊர். அந்த நாடுகளில் அவர்கள் பார்த்த காபி, பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஏலக்காய் மணக்கும் இளமஞ்சள் நிறக் கஹ்வா. பேரீச்சம்பழத்தோடு சிறு கோப்பையில் தருவார்கள். காலியான கோப்பையை லேசாக ஆட்டிக் காட்டினால் போதும் என்று அர்த்தம், ஆட்டாவிட்டால் மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்த விருந்தோம்பல் முறையை யுனெஸ்கோ 2015-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அரபு மண்ணில் விசாரணைக் கூண்டில் நின்ற பானம், இன்று அதே மண்ணின் மரியாதைச் சின்னம்.

தமிழ்நாட்டிலும் காபியை விடச்சொன்ன பெரியவர்கள் உண்டு. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டையும் காபியையும் விட்டுவிடுங்கள் என்று குடும்பங்களைக் கேட்டுக்கொண்டார். அதில் மிஞ்சும் பணம் அறத்துக்குப் பயன்படட்டும் என்பது அவர் எண்ணம். காந்தி ஆகாகான் மாளிகைச் சிறையில் எழுதிய ஆரோக்கிய நூலில் டீ, காபி, கோகோ மூன்றும் உடம்புக்குத் தேவையில்லை என்றார். இருவருக்கும் முன்பே வடலூர் வள்ளலார், காலையில் கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் சேர்த்துக் காய்ச்சிய பானத்தைத் தமது நித்திய கரும விதியில் பரிந்துரைத்திருந்தார். காலையில் முதலில் வாயில் படுவது எது என்பதை அவர்கள் மூவருமே சில்லறை விஷயமாக எண்ணவில்லை. அந்த அக்கறை மதிக்கத்தக்கது. ஒரு வேளை தாமதமானால் தலைவலி, எரிச்சல், வீட்டில் சண்டை என்று ஆகிறவர் தம்மைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். பற்று என்ற சொல்லைப் புரிந்துகொள்ள அதைவிட எளிய பாடம் கிடைக்காது.

ஆனாலும், காபியைக் குறித்து இந்த மண்ணில் எழுந்த மிகக் கடுமையான கேள்வி பானத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. மக்காவில் நடந்ததைப் போலவே அது பாத்திரத்தைப் பற்றியது.

டம்ளரின் விளிம்பைப் பாருங்கள். வெளிப்பக்கமாக மடங்கியிருக்கும். உதட்டில் வைக்காமல் அண்ணாந்து வாய்க்குள் ஊற்றிக்கொள்ள அந்த மடிப்பு வசதி. உதடு பட்டால் எச்சில், எச்சில் பட்டால் தீட்டு என்பது பல வீடுகளின் ஆசாரம். ‘சப்பிக் குடிக்காதே, தூக்கிக் குடி’ என்று குழந்தைகளை அதட்டும் குரல் இன்றும் கேட்கிறது. தூக்கிக் குடிப்பவருக்கு நாக்கின் பின்பக்கத்தில் காபி விழுகிறது, சூடு ஆறியிருக்க வேண்டும், அதனால் டபராவில் ஆற்ற வேண்டும், ஆற்றினால் நுரை வரும். நுரை ததும்பும் அந்த அழகான காபிக்குப் பின்னால் எச்சில் பற்றிய ஓர் ஆசாரமும் நிற்கிறது. உதடு வைத்து மெல்ல உறிஞ்சுகிறவருக்கோ மணம் முதலில் வருகிறது, சூடு கடைசிவரை நிற்கிறது. இரண்டும் இரண்டு சுகம். ஒருவர் வீட்டுக்குள் எப்படிக் குடிக்கிறார் என்பதில் மற்றவர் தலையிட ஒன்றுமில்லை.

அந்த ஆசாரம் வீட்டு வாசலைத் தாண்டிக் கடைக்கு வந்தபோது வேறு முகம் காட்டியது. காபி கிளப்புகளில் ‘பிராமணாள்’ என்று பலகை தொங்கியது. ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரும் நீதிக்கட்சியினரும் எதிர்த்த பிறகு 1941-இல்தான் அந்த ஏற்பாடு ஒழிந்தது. சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957–58-இல் மாதக்கணக்கில் மறியல் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் சிறை சென்ற பிறகு அந்தச் சொல் போயிற்று. ஒரு டம்ளர் காபியின் ருசியை நம்பிப் போகிறவரிடம், பலகை முதலில் அவருடைய பிறப்பைக் கேட்டது என்பதுதான் அங்கே நடந்த குற்றம்.

கிராமத்து டீக்கடையில் அந்தக் குற்றம் இன்னும் கொடுமையாக இருந்தது. ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ் அல்லது எவர்சில்வர் டம்ளர். சேரியிலிருந்து வருகிறவருக்குத் தனியாக ஒதுக்கிவைத்த குவளை, சில இடங்களில் தேங்காய்ச் சிரட்டை. குடித்து முடித்து அவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது, 1955-இல் தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் வந்தது, 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் இரட்டைக் குவளை தமிழ்நாட்டில் பல இடங்களில் நீடித்ததாகக் கள ஆய்வுகள் தொடர்ந்து சொல்லிவந்தன. அரியலூர் மாவட்டம் அங்கனூரில் பிறந்த தொல். திருமாவளவனும் அவரது இயக்கமும் அதை எதிர்த்துப் பேசிவந்திருக்கிறார்கள். பிறகு பிளாஸ்டிக் கப்பும் பேப்பர் கப்பும் வந்தன. எல்லாருக்கும் கப் என்று ஆன கடைகளில் சண்டை அடங்கியது. ‘அவருக்கு மட்டும் கப்’ என்று ஆன கடைகளில் பழைய குவளை புது உருவம் எடுத்துக்கொண்டது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கையும் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பையும் அரசு தடைசெய்தபோது பேச்செல்லாம் குப்பையைப் பற்றியே இருந்தது. கப் போனால் அந்த இடத்துக்கு எந்தக் குவளை வரும் என்ற கேள்வியும் கூடவே இருந்தது.

உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது உண்மையானால், அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தனிக் குவளையில் குடித்தவருடைய நாக்கில் அந்தக் குவளையும் சேர்ந்தே ருசித்தது. அதே டிகாஷன், அதே பால், அதே சர்க்கரை. வைசேஷிகர் சொல்லும் ஆறு சுவைகளில் எதிலும் அவமானம் இல்லை. ஆனாலும் அந்தக் குவளையில் குடித்தவரால் அந்தக் காபியை ஊர்க்காரர் குடித்த அதே காபி என்று சொல்லவே முடியாது. டென்னெட்டின் இரண்டு ஊழியர்களும் அவரவர் நாக்கைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். குடிக்கும் இருவருக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தால் சுவை என்ன ஆகும் என்று அந்த உதாரணத்தில் யாரும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் கேட்காமல் இருக்க முடியாது. ஸ்ட்ராங்கா லைட்டா என்ற வேறுபாடு எத்தனை வேண்டுமானாலும் பெருகட்டும், அதில் யாருக்கும் குறைவில்லை. எவர் குடித்த டம்ளர் என்று பார்த்து வரும் வெறுப்பையும் ‘விருப்பம்’ என்ற கணக்கிலேயே சேர்த்துக்கொள்வதுதான் தாங்க முடியாதது. விருப்பம் பொருளைப் பற்றியது. அந்த வெறுப்பு ஆளைப் பற்றியது.

சைவ மரபுக்குள்ளேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. பெரியபுராணம் சொல்லும் கண்ணப்பர் வேடர். காளத்தியில் தனித்திருக்கும் இறைவனுக்குப் பசிக்குமே என்று வேட்டையாடிய இறைச்சியைத் தீயில் வதக்கி, ஒவ்வொரு துண்டாகத் தம் வாயில் இட்டுச் சுவைத்துப் பார்த்து, நல்லதை மட்டும் தேர்ந்து படைத்தார். எச்சில் என்று துடித்துப்போன அர்ச்சகர் தினமும் கழுவிச் சுத்தம் செய்தார். இறைவன் நின்றதோ அந்த எச்சிலின் பக்கம். தத்துவமாகப் பார்த்தால் கண்ணப்பர் செய்தது எளிய காரியமில்லை. சுவை எனக்குள் நடக்கும் தனிச் செய்தி என்று அவர் எண்ணவில்லை. என் நாக்குக்கு நன்றாக இருந்தால் அவருக்கும் நன்றாக இருக்கும் என்று நம்பினார். தன் ருசியை இன்னொருவருக்காகப் பயன்படுத்தினார். டென்னெட்டின் சந்தேகத்துக்கு வாதத்தால் பதில் சொல்ல முடியாமல் போகலாம். கண்ணப்பரிடம் அந்தச் சந்தேகமே எழவில்லை, அங்கே அன்பு முந்திக்கொண்டது.

இந்த மாவட்டங்களின் துக்க வீடுகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்தோ பங்காளி வீட்டிலிருந்தோ தூக்கு வாளியில் காபி வருகிறது. வந்தவர்களுக்கு வரிசையாக ஊற்றிக்கொண்டே போகிறார்கள். அங்கே யாரும் ஸ்ட்ராங் கேட்பதில்லை, நுரை கேட்பதில்லை. ஆறிப்போயிருந்தாலும், சர்க்கரை தூக்கலாக இருந்தாலும், வாங்கிக் குடிக்கிறார்கள். அழுது ஓய்ந்து மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் அருகில் ஒருத்தி போய், “ரெண்டு வாய் குடிச்சிக்கம்மா, நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல” என்று டம்ளரை அவள் உதட்டிலேயே வைக்கிறாள். எச்சில் பற்றிய பேச்சு அந்த நேரத்தில் வருவதில்லை.

மற்ற நாள்களில், விருந்தாளி வந்த வீட்டில் அடுப்படியில் ஒரு சிறு காரியம் நடக்கும். முன்பெல்லாம் கேட்காமலே சர்க்கரை போட்டுவிடுவார்கள். இப்போது, “மாமா, உங்களுக்குச் சக்கரை போடலாமா?” என்று கூடத்தை நோக்கிக் குரல் கொடுத்துவிட்டுத்தான் கலக்குகிறார்கள். “அரை ஸ்பூன் போடும்மா” என்று பதில் வருகிறது. டபராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டபராவுக்கும் இரண்டு முறை ஆற்றிய பிறகு, கொடுப்பதற்கு முன் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டம்ளரில் வாய் வைக்க முடியாது, அது விருந்தாளிக்கு உரியது. அவள் டம்ளரைச் சாய்த்து இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிறாள். தனக்கு எப்போதும் ஒன்றரை ஸ்பூன் போட்டுக் குடிக்கிறவள் அவள். அந்தச் சொட்டை மாமாவின் நாக்கால் ருசித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் டிகாஷன் விட்டுக் கூடத்துக்கு எடுத்துப்போகிறாள்.